சில நேரம் மட்டும் மணி ஒலிக்காத இண்டர்காம்: கோடெக் டிரைவரில் எங்கே தேடுவது?

மடிவாளா_மல்லி எழுதியது:

வணக்கம். லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஆடியோ பக்கம் கை வைத்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் இங்கேயே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அபார்ட்மெண்ட் வீடுகளில் சுவரில் மாட்டும் இண்டர்காம் பலகை செய்கிறோம். கேட்டில் செக்யூரிட்டி ஃப்ளாட் எண்ணை அழுத்தினால் வீட்டுக்குள் பலகையின் திரை ஒளிரும், மணி அடிக்கும். உள்ளே ஒரு ஏஆர்எம் சிப், லினக்ஸ் 6.1 கெர்னல், ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) வழியாகப் பேசும் ஒரு ஆடியோ கோடெக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் சிப்), அதற்கு அடுத்து தனியாக ஒரு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர். கோடெக்கை இயக்கும் மென்பொருளான டிரைவர் மெயின்லைனில், அதாவது பொதுவான மூல கெர்னலில், இல்லை. சிப் செய்தவர்கள் கொடுத்ததை அப்படியே சேர்த்திருக்கிறோம்.

சர்ஜாப்பூர் ரோட்டில் பலகை மாட்டிய ஒரு குடியிருப்பிலிருந்து புகார் வந்தது. திரை ஒளிர்கிறது, மணி மட்டும் அடிப்பதில்லை. எப்போதும் இல்லை, சில நேரம்தான். நேரில் போய்ப் பார்த்தேன். எட்டாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, மருந்து கொண்டுவந்த பையன் கேட்டிலிருந்தே திரும்பிப் போய்விட்டான் என்றார். அவர் சமையலறையில் இருந்திருக்கிறார். ஹாலில் சுவரில் திரை ஒளிர்ந்தது அவருக்கு எப்படித் தெரியும்? மணி அடிக்காத இண்டர்காம் இருப்பதைவிட, ஒன்றுமே இல்லாமல் கேட்டிலிருந்து போனில் கூப்பிடுவதே மேல். அதனால் இதை அரைகுறையாக மூடிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

இதுவரை பார்த்தவை:

மணி வராத நேரத்தில் கெர்னல் லாகில் ஒரு எழுத்துகூட இல்லை. ப்ராக் கோப்பில் பிசிஎம் (ஒலி ஓடை) நிலையைப் பார்த்தால் 'ரன்னிங்' என்கிறது, ஹார்ட்வேர் பாயிண்டர் ஒழுங்காக நகர்கிறது. அதாவது டிஎம்ஏ (நினைவகத்திலிருந்து ஒலித் தரவை எடுத்து அனுப்பும் பகுதி) ஓடுகிறது. ஆம்ப்ளிஃபையரின் எனேபிள் பின்னை ஸ்கோப்பில் பிடித்தேன், சரியான நேரத்தில் மேலே ஏறுகிறது. ஆனால் கோடெக்கிலிருந்து ஆம்புக்குப் போகும் கோட்டில் சிக்னலே இல்லை, தட்டையான கோடு.

மணி அடிக்கும்போதே எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் வால்யூமைக் கூட்டினால் பயனில்லை. ஆனால் மணி அடிக்காத நேரத்தில், எல்லாம் சும்மா இருக்கும்போது, வால்யூமை ஒரு படி மாற்றிவிட்டால் அடுத்த மணி அருமையாகக் கேட்கிறது. இதுதான் என்னைக் குழப்புகிறது. ரீபூட் செய்தாலும் சரியாகிவிடுகிறது.

அப்புறம், எங்கள் ஆபீஸ் மேஜையில் இது வரவே வருவதில்லை. அதே பலகை, அதே மென்பொருள்.

பவர் மேனேஜ்மெண்டை மொத்தமாக அணைத்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருக்கிறது. கரண்ட் போனால் இந்தப் பலகை பேட்டரியில்தான் ஓட வேண்டும், அதனால் எனக்கு அதில் விருப்பமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

———

பழைய_சவுண்ட்கார்டு எழுதியது:

மல்லி, ஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு முதலில் பாராட்டு. பாதி வேலை முடிந்துவிட்டது. டிஎம்ஏ ஓடுகிறது, ஆம்ப் விழித்திருக்கிறது, நடுவில் கோடெக் மட்டும் ஊமை. ஆகவே கோடெக்கை விட்டு வெளியே தேட வேண்டாம்.

அடுத்தது இது ரன்டைம் பவர் மேனேஜ்மெண்டால் (சும்மா இருக்கும் சாதனத்தைக் கெர்னல் தானே தூங்க வைத்து எழுப்பும் ஏற்பாடு) வருகிறதா என்று உறுதி செய்வது. சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்த ஐ2சி சாதனத்தின் கோப்புறைக்குள் 'பவர்' என்று ஒன்று இருக்கும். அதில் 'கண்ட்ரோல்' கோப்பில் 'ஆட்டோ' என்று இருப்பதை 'ஆன்' என்று மாற்றுங்கள். அதன்பின் அந்தச் சாதனம் தூங்கவே தூங்காது. அப்போதும் மணி ஒலிக்காமல் போகிறதா என்று பாருங்கள். தவறாமல் ஒலித்தால் குற்றவாளி தூங்கி எழும் பாதையில்தான் இருக்கிறான். இது நோயைக் கண்டுபிடிக்க மட்டும். மருந்தாக இதை வைத்து அனுப்பக்கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சி.

பிறகு மறுபடி 'ஆட்டோ'வுக்கு மாற்றிவிட்டு, எஃப்ட்ரேஸில் (கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் கருவி) 'ஆர்பிஎம்' பிரிவு நிகழ்வுகளை இயக்குங்கள். ரன்டைம் பிஎம் கெர்னலுக்குள் வந்தது 2009-இல், 2.6.32 பதிப்பில். அதன் சஸ்பெண்ட் (தூங்குவது), ரெஸ்யூம் (எழுவது), திரும்பி வந்த மதிப்பு எல்லாவற்றையும் அந்த நிகழ்வுகள் வரிவரியாகக் காட்டும். டிரைவருக்குள் பிரிண்ட் போட்டுத் தேடுவதைவிட இதுதான் நல்லது. பிரிண்ட் போட்டால் நேரம் மாறும், நேரம் மாறினால் சில பிழைகள் ஒளிந்துகொள்ளும்.

ரெஸ்யூம் பூஜ்யம் திருப்புகிறதா, பிழை எண் திருப்புகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

———

மடிவாளா_மல்லி எழுதியது:

நன்றி அண்ணா. 'ஆன்' என்று வைத்த பலகையில் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மணி அடிக்கச் செய்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. 'ஆட்டோ'வுக்கு மாற்றியதும் பழையபடி ஊமை.

ட்ரேஸில் பார்த்தால் சஸ்பெண்ட் ஒழுங்காக நடக்கிறது, மணி வரும்போது ரெஸ்யூம் நடக்கிறது, திரும்பும் மதிப்பு பூஜ்யம். மணி கேட்டபோது எடுத்த ட்ரேஸும் கேட்காதபோது எடுத்ததும் ஒரே மாதிரி இருக்கின்றன. கெர்னலைக் கேட்டால் எல்லாம் நலம் என்கிறது.

ரெஜ்மேப்பின் (ரெஜிஸ்டர்களைப் படித்து எழுதும் கெர்னல் பகுதி) டீபக்எஃப்எஸ் கோப்பில் (கெர்னலின் சோதனைக் கோப்பு) கோடெக்கின் எல்லா ரெஜிஸ்டர்களையும், அதாவது சிப்புக்குள் அமைப்புகள் இருக்கும் இடங்களை, எடுத்து ஒப்பிட்டேன். மணி கேட்டபோதும் கேட்காதபோதும் ஒரு பிட்கூட வித்தியாசம் இல்லை. வால்யூம் சரி, மியூட் இல்லை, சாம்பிள் ரேட் சரி. சிப்பே பழுதோ என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

———

வைட்ஃபீல்ட்_கேஷ் எழுதியது:

சிப் பழுதில்லை. நீங்கள் சொன்ன வால்யூம் விஷயத்திலேயே முழு விடையும் இருக்கிறது. நிதானமாகச் சொல்கிறேன்.

நீங்கள் டீபக்எஃப்எஸ்ஸில் படித்தது சிப்பை இல்லை. ரெஜ்மேப் தன்னிடம் வைத்திருக்கும் நகலைத்தான், அதாவது கேஷைத்தான், படித்தீர்கள். தானாக மாறக்கூடியது என்று டிரைவர் அறிவிக்காத எந்த ரெஜிஸ்டரையும் ரெஜ்மேப் கேஷிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். வருகைப் பதிவேட்டில் எல்லார் பெயருக்கும் டிக் இருக்கிறது, வகுப்பறையில் ஒருவரும் இல்லை என்ற நிலை. சிப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிய ஐ2சிகெட் கருவியை 'ஃபோர்ஸ்' விருப்பத்தோடு ஓட்டுங்கள், அல்லது அதே கோப்புறையில் உள்ள 'கேஷ் பைபாஸ்' கோப்பில் 'ஒய்' எழுதிவிட்டுப் படியுங்கள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே படிக்க வேண்டும். கோடெக் தூங்கி, கரண்டும் போயிருக்கும்போது கேட்டால் ஐ2சியில் பதிலே வராது. பார்த்த பிறகு பைபாஸை மறக்காமல் அணையுங்கள்.

ரீசெட் ஆன மதிப்புகள்தான் தெரியும் என்று பந்தயமே கட்டுவேன். காரணம் இப்படி இருக்க வேண்டும்:

கோடெக் தூங்கும்போது டிரைவர் ரெஜ்மேப்பை 'கேஷ் மட்டும்' நிலையில் வைத்துவிட்டு ரெகுலேட்டரை (சிப்புக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி) விடுவிக்கிறது. எழும்போது ரெகுலேட்டரை எடுத்து, 'கேஷ் மட்டும்' நிலையை நீக்கி, 'ரெஜ்கேஷ் சிங்க்' என்ற ஃபங்ஷனை அழைக்கிறது. கேஷில் உள்ளதையெல்லாம் அது சிப்பில் எழுதிவிடும் என்று டிரைவர் எழுதியவர் நம்பியிருப்பார். ஆனால் அந்த ஃபங்ஷன் முதலில் பார்ப்பது கேஷ் 'டர்ட்டி'யா (சிப்போடு ஒத்துப்போகாததா) என்பதைத்தான். இல்லையென்றால் ஒன்றுமே எழுதாமல் பூஜ்யம் திருப்பிவிட்டுப் போய்விடும். சிப்புக்குக் கரண்ட் போனது என்று 'ரெஜ்கேஷ் மார்க் டர்ட்டி' மூலம் யாரும் சொல்லாதவரை, சிப்பும் கேஷும் ஒத்துப்போகின்றன என்றே ரெஜ்மேப் நினைக்கும். லாகில் பிழை வராததும், ட்ரேஸில் எல்லாம் நலமாகத் தெரிவதும் இதனால்தான்.

இப்போது உங்கள் வால்யூம். கோடெக் தூங்கும்போது மாற்றினால் அந்த எழுத்து கேஷுக்கு மட்டும் போகும், அப்போது ரெஜ்மேப் தானாகவே கேஷை 'டர்ட்டி' என்று குறித்துக்கொள்ளும். அடுத்து எழும்போது சிங்க் உண்மையாகவே நடக்கும், அதுவும் கேஷ் முழுவதும் சிப்புக்குப் போகும். மணி கேட்கும். மணி அடிக்கும்போது மாற்றினால் கோடெக் விழித்திருக்கிறது, அந்த ஒரு ரெஜிஸ்டர் மட்டும் நேராகச் சிப்புக்குப் போகும், மற்றவை ரீசெட் நிலையிலேயே கிடக்கும். மியூட் பிட், ஃபார்மட், ரூட்டிங் எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஒவ்வொரு முறை பாடத் தொடங்கும்போதும் டிரைவர் ஃபார்மட்டை எழுதத்தான் பார்க்கும். ஆனால் 'அப்டேட் பிட்ஸ்' பழைய மதிப்பைக் கேஷில் பார்த்து, ஏற்கெனவே அதுதான் இருக்கிறது என்று எழுதாமல் விட்டுவிடும்.

மேஜையில் ஏன் வருவதில்லை? டீபக்எஃப்எஸ்ஸில் ரெகுலேட்டர் கோப்புறைக்குள் 'ரெகுலேட்டர் சம்மரி' என்று ஒரு கோப்பு. கோடெக்கின் சப்ளையை இன்னும் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்குச் சந்தேகம் டச் கண்ட்ரோலர் மேல். திரை எரியும்வரை அந்த ரெயில் (சப்ளைக் கோடு) அணையாது. கோடெக் விட்டாலும் டச் பிடித்துக்கொண்டிருக்கும், கோடெக்கின் ரெஜிஸ்டர்கள் பிழைத்துக்கொள்ளும். ஆபீஸில் பலகையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பாட்டி வீட்டில் மத்தியானம் முழுக்க யாரும் தொடுவதில்லை.

———

இந்திராநகர்_ராத்திரி எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் லேப்டாப்பில் பாட்டு நின்று சில வினாடி கழித்து ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறது. அடுத்து எதையாவது போட்டால் முதல் சொல் விழுங்கப்படுகிறது. இதுவும் அதே பிழையா?

———

பழைய_சவுண்ட்கார்டு எழுதியது:

இல்லை, அது வேறு. உங்களுடையது இன்டெல் ஹெச்டிஏ ஆடியோவாக இருக்கும். அங்கே ரெஜிஸ்டர் தொலைவதில்லை. கோடெக் தன் அனலாக் பகுதியை அணைத்து எழுப்பும்போது வரும் சத்தம் அது. எழுந்து நிலைக்கு வரும் நேரத்தில்தான் முதல் சொல் போகிறது.

'எஸ்என்டி ஹெச்டிஏ இன்டெல்' மாட்யூலுக்கு 'பவர் சேவ்' என்று ஒரு பாராமீட்டர் உண்டு. அதில் உள்ள எண் வினாடி. பூஜ்யம் போட்டால் தூங்காது. ஒன்று போட்டிருந்தால் பெரியதாக்கிப் பாருங்கள். டிஎல்பி மாதிரி பேட்டரிக் கருவி ஏதாவது இருந்தால் அது உங்கள் எண்ணை மேலெழுதிவிடும், அப்போது அதன் அமைப்புக் கோப்பில்தான் மாற்ற வேண்டும். வயர்ப்ளம்பரும் (ஒலிச் சாதனங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) தன் பங்குக்கு 5 வினாடி சும்மா இருந்தால் சாதனத்தை மூடும். கெர்னலின் கணக்கு அதற்கு அப்புறம்தான் தொடங்கும். அதனால் சத்தம் நீங்கள் போட்ட எண்ணைவிடத் தாமதமாக வந்தால் குழம்ப வேண்டாம்.

2018-இல் ஃபெடோரா லினக்ஸ் 28 இந்தச் சேமிப்பை எல்லாருக்கும் இயல்பாக இயக்கியது. அப்போது இப்படிச் சத்தம் போடும் மாடல்களுக்கென்று டிரைவருக்குள்ளேயே ஒரு விலக்குப் பட்டியல் உண்டானது. பூஜ்யம் போட்டதும் சத்தம் நின்றால், உங்கள் மாடலின் விவரத்தோடு கெர்னல் சவுண்ட் மெயிலிங் லிஸ்டுக்கு எழுதுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் எல்லாருக்கும் தீரும்.

மேற்கொண்டு கேட்பதாக இருந்தால் தனி இழை தொடங்குங்கள். இங்கே மல்லியின் பிழையை முடிப்போம்.

———

மடிவாளா_மல்லி எழுதியது:

வைட்ஃபீல்ட் அண்ணா, அச்சு அசல் நீங்கள் சொன்னபடியேதான்.

மணி ஊமையாக ஓடும்போது ஐ2சிகெட்டில் படித்தேன். டேட்டாஷீட்டில் 'ரீசெட் மதிப்பு' என்ற வரிசையில் என்ன இருக்கிறதோ அதுவே வந்தது. மியூட் பிட் ஏறியிருக்கிறது, ஃபார்மட் ரெஜிஸ்டர் பூஜ்யம். அதே நேரம் கேஷ் கோப்பில் மியூட் இல்லை என்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

ரெகுலேட்டர் சம்மரியில் கோடெக்கின் ரெயிலில் இரண்டு பேர்: கோடெக், டச் கண்ட்ரோலர். திரை அணைந்ததும் டச் விடுகிறது, பயன்பாட்டு எண்ணிக்கை பூஜ்யமாகிறது, ரெயில் விழுகிறது. ஸ்கோப்பில் அந்த விழுதலையும் பார்த்துவிட்டேன்.

டிரைவரின் ரன்டைம் சஸ்பெண்டில் மார்க் டர்ட்டி எங்கேயும் இல்லை. ரெகுலேட்டரை விடுவித்த இடத்துக்கு அடுத்த வரியில் அதைச் சேர்த்தேன். மணி கேட்கிறது. திரையை அணைத்து, ரெயில் விழுந்ததை உறுதி செய்துகொண்டு, மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

இவ்வளவுதானா, இல்லை இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

———

பின்_14 எழுதியது:

வாழ்த்துகள். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். உங்கள் ரெயில் பகிரப்படுவதால் இன்னொரு குழி இருக்கிறது.

மார்க் டர்ட்டி என்பது 'சிப் ரீசெட் ஆகிவிட்டது' என்ற உறுதிமொழி. அதை நம்பி, அடுத்த சிங்க்கில் ரெஜ்மேப் இயல்பு மதிப்பில் உள்ள ரெஜிஸ்டர்களைத் தாண்டிவிடும். சிப்பில் ஏற்கெனவே அதுதானே இருக்கும், எதற்கு எழுதுவது என்ற கணக்கு. திரை எரிந்துகொண்டிருக்கும்போது கோடெக் தூங்கினால் என்ன ஆகும்? டச் பிடித்திருப்பதால் ரெயில் விழவில்லை, சிப் ரீசெட் ஆகவில்லை, ஆனால் நீங்கள் ஆனது என்று சொல்லிவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்து யாராவது வால்யூமை மாற்றி, புது மதிப்பு தற்செயலாக டேட்டாஷீட்டின் இயல்பு மதிப்பாகவே அமைந்துவிட்டால், அது சிப்புக்குப் போகாது. பழைய வால்யூமே ஒலிக்கும். திரையில் ஒரு அளவு, காதில் வேறு அளவு. அரிதுதான், ஆனால் களத்தில் வந்தால் கண்டுபிடிப்பது முதல் பிழையைவிடக் கஷ்டம்.

சரியான வழி மெயின்லைனிலேயே இருக்கிறது. டபிள்யூஎம்8962 டிரைவரையும் டிஎல்வி320ஏஐசி3எக்ஸ் டிரைவரையும் திறந்து பாருங்கள். இரண்டும் ரெகுலேட்டருக்கு ஒரு நோட்டிஃபையரை (நிகழ்வு நடந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷன்) பதிவு செய்துவைத்து, 'டிசேபிள்' நிகழ்வு வரும்போதுதான் மார்க் டர்ட்டி செய்கின்றன. அந்த நிகழ்வு ரெயில் உண்மையாக அணையும்போது மட்டும்தான் வரும். கோடெக் முதலில் விட்டு, டச் அப்புறமாக விட்டாலும் உங்கள் நோட்டிஃபையருக்குச் செய்தி வந்து சேரும். உங்கள் பலகையில் நடப்பதும் அதே வரிசைதான். கோடெக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சப்ளை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்யுங்கள்.

நோட்டிஃபையர் வேண்டாம் என்றால், எழும்போது சிப்புக்கு ஒரு சாஃப்ட் ரீசெட் கொடுத்துவிட்டு மார்க் டர்ட்டி செய்யலாம். அப்போது உறுதிமொழி எப்போதும் உண்மையாக இருக்கும். சில கோடெக்குகளில் ரீசெட்டின்போது 'டப்' வரும், கேட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நான் நோட்டிஃபையர் பக்கம்.

டிரைவரைத் திறந்தது திறந்தாயிற்று, இதையும் பாருங்கள். சிங்க் திருப்பும் மதிப்பை யாராவது பார்க்கிறார்களா? பல டிரைவர்களில் பார்ப்பதில்லை. சிங்க் தோற்றால் 'கேஷ் மட்டும்' நிலைக்குத் திரும்பி, ரெகுலேட்டரை விட்டு, பிழையைத் திருப்ப வேண்டும். ரெயில் எழுந்த உடனே ஐ2சியில் எழுதினால் சில சிப் ஏற்காது, டேட்டாஷீட் கேட்கும் காத்திருப்பு இருக்கிறதா பாருங்கள். 'பிஎம் ரன்டைம் கெட் சிங்க்' பயன்படுத்தியிருந்தால், அது தோற்றாலும் எண்ணிக்கையை ஏற்றிவிடும். பிழைப் பாதையில் இறக்காமல் விட்டால் கோடெக் அதற்குப் பிறகு தூங்கவே தூங்காது, பேட்டரி கரையும். அதற்குப் பதில் 5.10-இல் வந்த 'ரெஸ்யூம் அண்ட் கெட்' போடுங்கள், தோற்றால் தானே இறக்கிவிடும்.

ஹெட்போன் ஜாக் செருகியதைக் கண்டறியும் இண்டரப்ட் (சிப் கெர்னலுக்கு அனுப்பும் அழைப்பு) உங்கள் டிரைவரில் இருக்கிறதா? முழு சிஸ்டம் சஸ்பெண்டிலிருந்து எழும்போது ஐ2சி கண்ட்ரோலர் எழுவதற்கு முன்பே அந்த இண்டரப்ட் வந்து, ஹேண்ட்லர் ரெஜிஸ்டர் படிக்கப் போனால் 'சஸ்பெண்ட் ஆனபோது பரிமாற்றம்' என்ற எச்சரிக்கை லாகில் விழும், படிப்பும் தோற்கும். சஸ்பெண்டில் இண்டரப்டை அணைத்து, நிலுவையில் உள்ள வேலைகளை ரத்து செய்து, ரெஸ்யூமில் மறுபடி இயக்குவதுதான் வழக்கம்.

———

மடிவாளா_மல்லி எழுதியது:

பின்_14, நீங்கள் சொன்ன குழியை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தேன். திரையை எரியவிட்டு, கோடெக் தூங்கியதும் எஸ்எஸ்ஹெச்சில் வால்யூமை இயல்பு மதிப்புக்கே மாற்றினேன். அடுத்த மணி பழைய சத்தத்திலேயே அடித்தது. அந்த ஒரு வரியோடு அனுப்பியிருந்தால் இதுவும் வீடுகளுக்குப் போயிருக்கும். மிக்க நன்றி.

மார்க் டர்ட்டியை சஸ்பெண்டிலிருந்து எடுத்துவிட்டேன். டபிள்யூஎம்8962-இல் உள்ளபடி மூன்று சப்ளைக்கும் நோட்டிஃபையர் போட்டேன். இப்போது திரை எரிந்தாலும் அணைந்தாலும் வால்யூம் திரையில் காட்டும் அளவிலேயே ஒலிக்கிறது. சிங்க் திருப்பும் மதிப்பை எங்கள் டிரைவரும் பார்க்கவில்லைதான், அதையும் சேர்த்துவிட்டேன். காத்திருப்பு ஏற்கெனவே இருந்தது. 'கெட் சிங்க்' இரண்டு இடத்தில் இருந்தது, மாற்றிவிட்டேன்.

எங்கள் பலகையில் ஜாக் இல்லை. ஆனால் இதே டிரைவரை ஜாக் உள்ள பலகைகளில் பயன்படுத்துபவர்கள் இருப்பார்கள், ஹேண்ட்லரும் நீங்கள் சொன்ன மாதிரியே காவலில்லாமல் இருக்கிறது. அதைத் தனி பேட்சாகப் பிரித்து, எல்லாவற்றையும் சிப் செய்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆபீஸ் சோதனை ஸ்கிரிப்டையும் மாற்றியாயிற்று. இனி மணிச் சோதனை தொடங்கும் முன் திரையை அணைக்கும், கோடெக்கின் ரன்டைம் நிலை 'சஸ்பெண்டட்' ஆகும்வரை காத்திருக்கும், ரெகுலேட்டரின் எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்கும். பூஜ்யமாகவில்லை என்றால் மணி அடித்தாலும் அந்தச் சோதனையைத் தேர்ச்சியாகக் கணக்கில் எடுக்காது. ஆம்புக்குப் போகும் கோட்டில் சிக்னல் இருக்கிறதா என்பதை ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) வைத்து அளக்கிறோம், பிசிஎம் நிலை 'ரன்னிங்' என்று சொல்வதை இனி நம்புவதாக இல்லை. புது மென்பொருள் முதலில் எட்டாவது மாடிக்குத்தான் போகிறது, நானே எடுத்துப் போய் ஏற்றிவிட்டு வருகிறேன்.